மதகின் மேல் விழுந்த பழி

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை சென்னையில் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் வரவில்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகை அது. ஊரே வெள்ளத்தில் கிடக்க, மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாமல் அன்றைய பதிப்பே நின்றுபோனது. பேப்பர் மட்டுமா வரவில்லை? பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை, செல்போன் டவர்கள் செத்துக் கிடந்தன, கேபிள் அறுந்து கிடந்தது. வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் இருந்த எங்களுக்கு உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு, பக்கத்து வீட்டுப் பெரியவரின் பழைய டிரான்சிஸ்டர்தான்.

அந்த நாட்களில்தான் இந்த வெள்ளத்துக்கு யார் காரணம் என்ற விவாதம் தொலைக்காட்சிகளில் சூடு பிடித்தது. தண்ணீரில் கிடந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. கோவையிலும் மதுரையிலும் துபாயிலும் இருந்தவர்கள் பார்த்தார்கள். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி, நாங்கள் டி.வி.யைப் போட்டபோது விசாரணை முடிந்து தீர்ப்பே வந்துவிட்டிருந்தது. சென்னைக்கு மேற்கே இருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால்தான் சென்னை மூழ்கியது. கீழ்வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டுச் சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார்: "பார்த்தீங்களா சார், ராத்திரியோட ராத்திரியா ஏரியத் திறந்துட்டானுங்க. அதான் இவ்ளோ தண்ணி." நானும் ஆமாம் சார் என்றேன். அது எவ்வளவு அரைகுறையான 'ஆமாம்' என்று புரிய எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

முதலில் ஏரியைப் பார்ப்போம். செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 364.5 கோடி கன அடி. டிசம்பர் 1 காலையில் நீர்மட்டம் 22 அடியை ஒட்டி இருந்தது. அதாவது மேலே இரண்டடி இடம் பாக்கி. அப்போது வெளியே போய்க்கொண்டிருந்தது விநாடிக்கு 900 கன அடி மட்டும். அப்புறம் மழை பிடித்தது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளந்தபோது 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவாகியிருந்தது. அதற்கு முந்தைய நவம்பர் மாதம் முழுக்க நுங்கம்பாக்கத்தில் பெய்ததே ஏறத்தாழ 105 செ.மீ.தான், அதுவும் 1918-க்குப் பிறகு அப்படியொரு நவம்பர் வந்ததில்லை. ஊறிப்போன மண்ணில், நிரம்பிக் கிடந்த ஏரிகளின் மேல், அந்த ஒரு மாத மழையில் கிட்டத்தட்டப் பாதி ஒரே நாளில் கொட்டியது. பகலில் படிப்படியாக ஷட்டரை உயர்த்திக்கொண்டே போய், இரவுக்குள் வெளியேற்றம் 29,000 கன அடியைத் தொட்டது. மணிக்குக் கணக்குப் போட்டால் பத்துக் கோடி கன அடிக்கு மேல். நடு இரவில் சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீருக்குள் போயின.

இந்த 29,000 என்ற எண்தான் பிறகு எல்லாவற்றுக்கும் மூல ஆதாரமாகிவிட்டது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு வேறு வேறு குற்றச்சாட்டுகள் எழுந்தன. இரண்டும் ஒன்றே என்றுதான் பெரும்பாலானவர்கள் இன்றுவரை நினைக்கிறார்கள்.

முதலாவது, டி.வி.யிலும் டீக்கடையிலும் கேட்டது. கனமழை வரும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லியும் முன்கூட்டியே ஏரியைத் திறந்து காலி பண்ணவில்லை. மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்துவிட்டு, கடைசி நேரத்தில் மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். அப்போதைய தலைமைச் செயலாளர் ஞானதேசிகன் டிசம்பர் மத்தியில் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டு இதை மறுத்தார். மதகைத் திறக்க முதல்வரின் ஒப்புதல் தேவையில்லை, விதிமுறைப்படி பொறியாளர்களே முடிவெடுப்பார்கள், இவ்வளவு மழை பெய்யும் என்று யாரும் குறிப்பாகச் சொல்லவில்லை என்பது அதன் சாரம். யாரும் அதை நம்பவில்லை. ஒரு சின்ன முடிவுக்கும் போயஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்சி என்று ஊருக்கே ஓர் எண்ணம் இருந்தபோது, 'பொறியாளரே முடிவெடுத்தார்' என்பது எடுபடவில்லை.

இரண்டாவது, சி.ஏ.ஜி. எனப்படும் தணிக்கைத் துறையின் அறிக்கை. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில், வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து. இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று அது சொன்னதும், 'நாங்கள் அன்றே சொன்னோம்' என்று செய்திகள் ஓடின. ஆனால் அறிக்கை மதகைப் பற்றிச் சொன்னது வேறு. ஏரியில் இன்னும் இடம் இருந்தது, அந்த இடத்தைப் பயன்படுத்தித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கலாம், அதைச் செய்யாமல் 29,000 கன அடியைத் தொடர்ந்து வெளியேற்றினார்கள் என்பது அதன் வாதம். முழு மட்டத்துக்குத் தேக்கினால் ஏரியின் உள்பக்கத்தில் இருக்கும் தனியார் நிலங்கள் முழுகும் என்ற விஷயத்தையும் அது தொட்டுக் காட்டியது. அவசரகாலச் செயல் திட்டம் எதுவும் இல்லை என்பதையும் சொன்னது.

டீக்கடையில் கேட்டது 'முன்னாடியே திறக்கலையே'. தணிக்கைத் துறை சொன்னது 'அன்றைக்கு இவ்வளவு திறந்திருக்க வேண்டியதில்லையே'. ஏறத்தாழ எதிரெதிர். இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் முதலாவதில் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் முன்னறிவிப்பைக் கையில் வைத்திருந்த மேலதிகாரிகளும் ஆட்சியாளர்களும். இரண்டாவதில், ஏரிக்கரையில் நின்ற பொறியாளரும், ஏரிக்குள் நிலத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்த வருவாய்த் துறையும். பழி என்று வந்தபோது இந்த இரண்டு கூட்டமும் 'செம்பரம்பாக்கம்' என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. மேப்பை விரித்து வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். அடையாறு ஆதனூர்ப் பக்கம் தொடங்குகிறது. மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வந்து, திருநீர்மலைப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதோடு சேர்கிறது. அப்படியானால் அந்த வருடம் முதல் மாடிவரை மூழ்கி, படகில் ஆட்களைத் தூக்கிய காட்சிகளால் நாடு முழுக்கத் தெரிந்த முடிச்சூருக்கு, செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வர வழியில்லை. ஏரி கலக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் ஊர் அது. அங்கே வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். வேளச்சேரியோ அடையாற்றங்கரையே இல்லை. ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் என்று சுற்றியுள்ள ஏரிகளின் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு இறங்கும் வழியில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் என்று சொல்லப்படும் அந்தச் சதுப்பு நிலத்தில் இப்போது மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு போல. மற்ற இடத்தில் குப்பைக் கிடங்கு, ஐ.டி. கட்டடங்கள், ரயில் நிலையம், அடுக்குமாடிகள். கீழ்வீட்டுக்காரரின் ஃப்ரிட்ஜைக் கவிழ்த்த தண்ணீர் செம்பரம்பாக்கத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது.

கீழே சைதாப்பேட்டைக்கும் கோட்டூர்புரத்துக்கும் செம்பரம்பாக்கத்தின் பங்கு நிச்சயம் உண்டு. இரவு நேரத்தில், சரியான எச்சரிக்கை இல்லாமல், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் அது வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அடையாறு அன்று சுமந்த வெள்ளத்தில் அந்த ஏரியின் பங்கு ஒரு பகுதிதான். மீதி நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன ஏரிகளிலிருந்தும் திறந்தவெளியிலிருந்தும் வந்தது. அந்த ஏரிகளுக்குப் பெரும்பாலும் ஷட்டர் கிடையாது. நிரம்பினால் கலங்கல் வழியே தானாக வழியும், இல்லாவிட்டால் கரை உடையும்.

அந்தச் சின்ன ஏரிகளை ஏன் எந்த சேனலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை? அவற்றைத் திறந்த கை என்று ஒன்று இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மதகுக்கு ஒரு நேரம் இருக்கிறது, மதியம் இரண்டு, மாலை ஐந்து என்று. ஓர் எண் இருக்கிறது. அதைத் திறந்த ஒரு கை, அந்தக் கைக்கு உத்தரவிட்ட ஒரு போன் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணி விவாதத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? திரையை நான்கு கட்டமாகப் பிரித்து, ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், 'மூத்த பத்திரிகையாளர்' ஒருவர், ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் என்று உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கடைசியில் சொன்னவர் பேச வாய் திறக்கும்போது விளம்பர இடைவேளை வந்துவிடும் என்பது வேறு கதை. ஏரிப் புறம்போக்கில் முப்பது வருடமாக ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு அரசாணையாக, ஒவ்வொரு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதலாக நடந்ததற்கு நேரம் என்று எதைப் போடுவது? அதைத் திறந்தவர் என்று யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் நான்கு கட்டத்தில் இரண்டு கட்டக்காரர்களின் கட்சிகளும் சேர்ந்தே எழுந்து நிற்க வேண்டியிருக்கும். 2016-இல் நாடாளுமன்ற நிலைக்குழு சென்னை வெள்ளம் பற்றிய அறிக்கையில் ஏரி, ஆற்றுப் படுகை ஆக்கிரமிப்புகளையே முக்கியக் காரணமாகச் சொன்னது. அதை வைத்து எத்தனை பிரைம் டைம் விவாதம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நேரத்து ஊடகத்தை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயமில்லை. நிவாரணப் பொட்டலங்களில் முதல்வரின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்படுவதாக எழுந்த புகார்களைக் காட்டியது ஊடகமும் சமூக வலைத்தளமும்தான். பிரதமர் விமானத்திலிருந்து வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தில், ஜன்னலுக்கு வெளியே தெளிவாகத் தெரியும் வேறொரு காட்சியை வெட்டி ஒட்டி, மத்திய அரசின் செய்திப் பிரிவான பி.ஐ.பி. வெளியிட்டதே, அதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துச் சிரிப்பாய்ச் சிரித்தது ட்விட்டர். பி.ஐ.பி. படத்தை எடுத்துவிட்டது. அதே ட்விட்டரிலும் வாட்ஸப்பிலும்தான் ஏரி உடைந்துவிட்டது என்று வதந்தி பரவி, ஆட்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள், பண்ணை மறுத்தது. நாசா 250 செ.மீ. மழை வரும் என்று எச்சரித்திருப்பதாக ஒன்று சுற்றியது. வானிலை மையத்தில் ரமணன் வந்து அதையும் மறுக்க வேண்டியிருந்தது. பள்ளி விடுமுறைக்காகப் பிள்ளைகள் சாமியாய்க் கும்பிட்ட அதே ரமணன்.

டெல்லி சேனல்கள் மேல் ஒரு தனிக் கோபம் இருந்தது. நவம்பர் முழுக்க இங்கே மழை வெளுத்து வாங்கியபோது அங்கே ஆமிர் கான் என்ன சொன்னார் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 1-க்குப் பிறகுதான் கேமராக்கள் வந்தன. விமான நிலையமே மூடிக் கிடந்ததால் அவையும் தாமதமாகத்தான் வந்தன. வந்தவர்கள் காட்டியது சென்னை மாநகரை. அதே மழையில் கடலூர் மாவட்டம் நவம்பரிலேயே சிதைந்து கிடந்ததை ஓரமாகத்தான் காட்டினார்கள். டெல்லி நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்று நாம் அழுதபோது, சென்னை தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்று கடலூர் அழுதிருக்கும்.

சரி, மதகின் பக்கத்தில் நிற்கும் பொறியாளரின் நிலை என்ன? அதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செம்பரம்பாக்கம் முதன்மையாகக் குடிநீர் ஏரி; வெள்ளத் தடுப்பு அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட வேலை. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம்தான். அதில் தேக்கியதை வைத்து அடுத்த செப்டம்பர் வரை ஓட்ட வேண்டும். 'கனமழை வரலாம்' என்ற அறிவிப்பை நம்பி நவம்பரில் நான்கு அடியைக் கடலுக்கு விட்டு, மழை ஆந்திராவுக்குப் போய்விட்டால்? இது கற்பனை இல்லை. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் வெடித்த மண்ணாகக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. முதல் ரயிலில் 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அதற்கு மாலை போட்டு வரவேற்றார்கள். அப்போது அதே சேனல்களில் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்ட கேள்வி, 'மழை பெய்தபோது ஏன் தேக்கி வைக்கவில்லை? கடலில் வீணாகக் கலந்தது எவ்வளவு டி.எம்.சி.?' நான்கு வருட இடைவெளியில் ஒரே ஏரியைத் திறந்ததற்கும் திட்டு, மூடியதற்கும் திட்டு.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகருக்கு மேலே விவன்ஹோ அணை இருக்கிறது. அதுவும் குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று இரட்டை வேலை பார்க்கும் அணை. நீண்ட வறட்சிக்குப் பிறகு 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது, தாமதமாகத் திறந்தார்கள் என்று அங்கேயும் அதே புகார். பத்திரிகைகள் விடாமல் துரத்தின. விசாரணை ஆணையம் முடித்த விசாரணையைத் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019-இல் நீதிமன்றம் பொறியாளர்களின் அலட்சியம்தான் என்றது. 2021-இல் மேல்முறையீட்டில் அணையை நடத்தும் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு மாறியது. மணிக்கணக்கில் நீர்வரத்துப் பதிவு, செயல்முறைக் கையேடு, சாட்சியம் எல்லாம் முன்னால் வைத்துப் பார்த்த நீதிபதிகளுக்கே பத்து வருடம் பிடித்து, அப்படியும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. நாம் மூன்று நாளில் முடித்தோம். ஆனால் அங்கே அந்தப் பதிவுகள் பொதுவில் வந்தன, பொறியாளர்கள் கூண்டில் ஏறிப் பதில் சொன்னார்கள். இங்கே ஓர் அறிக்கை, ஒரு மறுப்பு, சில வழக்குகள், அவ்வளவுதான்.

நம் ஊரில் பழிக்கு ஆள் மாறுவதில்லை, நாற்காலிதான் மாறுகிறது. 2015-இல் செம்பரம்பாக்கத்தைப் பிடித்துக்கொண்டது தி.மு.க.; மறுத்தது அ.தி.மு.க. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று ஆற்றோரம் முழுக்கத் தண்ணீர். இப்போது 'நள்ளிரவில் முன்னறிவிப்பு இல்லாமல் திறந்துவிட்டார்கள்' என்றவர் எடப்பாடி பழனிசாமி. 'ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம், செம்பரம்பாக்கத்தோடு ஒப்பிடாதீர்கள்' என்றது தி.மு.க. அரசு. ஒன்பது வருடம் முந்தைய பேச்சில் பெயர்களை மட்டும் அழித்து எழுதியதுபோல் இருந்தது. ஐந்து எச்சரிக்கையும் உண்மையாகவே போயிருக்கலாம். கலெக்டர் அலுவலகத்துக்குப் போன எச்சரிக்கை ஆற்றங்கரைக் குடிசைக்கு எத்தனை மணிக்கு, தண்டோராவாகவா, வாட்ஸப்பாகவா, வி.ஏ.ஓ.வின் குரலாகவா போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது விவாதத்தில் வரவில்லை. அதற்குள் இருவேல்பட்டில் அமைச்சர் பொன்முடி மேல் சேறு வீசியது பெரிய செய்தியாகி, சேறு வீசியவர் எந்தக் கட்சி என்று விவாதம் திரும்பிவிட்டது.

விதிவிலக்காக ஒன்று நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த அன்று, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் பேரிடர் மேலாண்மைத் துறையின் முன்னேற்பாடுகளைப் பாராட்டினார். ஆட்களை முன்கூட்டியே முகாம்களுக்கு நகர்த்தியிருந்தார்கள். ஊடகமும் பாராட்டியது. இரண்டு நாள் போகட்டும் என்று டெல்டா காத்திருந்தது போல. உயிர்தான் தப்பியது, வேரோடு விழுந்த தென்னைக்கும், குடிக்கத் தண்ணீருக்கும், வராத கரண்டுக்கும் யாரும் வந்து பார்க்கவில்லை என்ற கோபத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. சென்னையிலிருந்து பார்த்தவர்களுக்குப் புயல் கரையைக் கடந்ததோடு செய்தி முடிந்துவிட்டது. தென்னை வைத்திருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது. கன்று வைத்துக் காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று அவனுக்குத்தானே தெரியும்.

2023 டிசம்பர் தூத்துக்குடி வெள்ளத்தில் சண்டை வேறு மட்டத்துக்குப் போனது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ.; ஒரு வருட மழைக்கும் மேல். வானிலை மையம் இவ்வளவு வரும் என்று சொல்லவில்லை என்றது மாநில அரசு. முன்னதாகவே சொல்லிவிட்டோம், நீங்கள்தான் தயாராக இல்லை என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அப்புறம் நிவாரண நிதி, 'அப்பன் வீட்டுப் பணமா' என்று பேச்சு வளர்ந்து, ஒரு வாரத்துக்கு அந்த 'அப்பன்'தான் தலைப்புச் செய்தி. நடுவில் ஒரு பயனுள்ள கேள்வி இருந்தது, யாரும் அதைத் தூக்கவில்லை. வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.-ஐத் தாண்டினால் 'அதி கனமழை', ரெட் அலர்ட். அதற்கு மேலே வேறு படி கிடையாது. 21 செ.மீ.-க்கும் ரெட், 95 செ.மீ.-க்கும் ரெட். ஆகையால் 'நான் சொன்னேன்' என்று அவர்கள் சொன்னதும் உண்மை, 'இதைச் சொல்லவில்லை' என்று இவர்கள் சொன்னதும் உண்மை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிய செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் மீது கேமரா நின்றது. நியாயம்தான், பாவம், இரண்டு நாள் சிக்கிக் கிடந்தார்கள். துண்டிக்கப்பட்டுக் கிடந்த ஏரல் பக்கம் அது திரும்பக் கொஞ்சம் நேரமானது.

இந்தப் பழியெல்லாம் கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்தால், பேசியவர்கள் யார் தலையிலும் இல்லை. தேர்தல் கணக்கு கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான்: 2016-இல் மாநிலத்தை அ.தி.மு.க. பிடித்தபோதும் சென்னையின் 16 தொகுதிகளில் 10-ஐ தி.மு.க. எடுத்தது. மதகு விஷயத்தில் பெரிய மனிதர் எவரும் பதவி இழக்கவில்லை. 'ஆக்கிரமிப்பை அகற்று' என்ற குரல் மட்டும் செயலுக்கு வந்தது. எந்த ஆக்கிரமிப்பு? ஆற்றங்கரைக் குடிசை. கூவத்திலும், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் அடையாற்றிலும் ஓரமாக வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தூக்கிப் பல கிலோமீட்டர் தள்ளிப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போன பெண்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போனது. பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில். மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டிய விமான ஓடுபாதையோ, சதுப்பு நிலத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களோ ஓரடி நகரவில்லை.

மாறியதும் கொஞ்சம் உண்டு. 2015-க்குப் பிறகு செம்பரம்பாக்கம் நிரம்பும் வரை காத்திருக்காமல் முன்னதாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள். 2020 நவம்பர் 25, நிவர் புயலன்று மதியம் 1,000 கன அடியில் தொடங்கி 9,000 வரை போனார்கள். ஒவ்வொரு படியும் டி.வி.யில் நேரலை, முதல்வரே குடையோடு ஏரிக்கு வந்து நின்றார். ஊரே பார்க்கத் திறக்கப்பட்ட மதகு என்று அதைத்தான் சொல்ல வேண்டும். இப்போது அக்டோபர் பிறந்தால் சென்னைக்காரன் தங்கம் விலையோடு சேர்த்து மூன்று எண்களைப் பார்க்கிறான்: நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம். நீர்வளத் துறைப் பொறியாளர்களின் பேரேட்டில் மட்டும் இருந்த விவரம் இது. வீட்டு வாட்ஸப் குழுவுக்கு வந்ததற்கு 2015-இன் கோபம்தான் காரணம் என்றால் மறுக்கமாட்டேன்.

கீழ்வீட்டுக்காரர் எங்கள் அபார்ட்மென்ட் குழுவில் அந்த எண்களைத் தினமும் காலை ஆறரைக்குப் போடுவார். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் நம் பக்கம் வராது, நமக்கு வருவது நாராயணபுரம், மடிப்பாக்கம் ஏரித் தண்ணீர் என்று இரண்டு மூன்று தடவை மேப்பைக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். "தெரியும் சார்," என்பார். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் அறிவித்த அன்று வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, போலீஸ் அபராதம் போடுகிறது என்றும் இல்லை என்றும் செய்தி ஓடியதே, அன்று மாலை படியேறி வந்தார். ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் செல்போன்.

"இருபது அடிகூட இல்ல சார் இன்னும். ஆனாலும் கொண்டுபோய் மேல விட்டுடலாம், வாங்க."

நானும் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.